டயாலிசிஸ் படுக்கையில் ஞாபகப் பரிசோதனை வேண்டாம்

விருதுநகரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பாவுக்கு 63 வயது. எட்டாவது வரை படித்தவர், மளிகைக்கடை வைத்திருக்கிறார். ஒரு வருடமாக டயாலிசிஸ் போகிறது. சில மாதங்களாகக் காலை மாத்திரையை இரண்டு தடவை போட்டுவிடுகிறார். கடைக் கணக்குப் பக்கமே வருவதில்லை. டயாலிசிஸ் நடக்கும்போதே கிழமை, ஊர், பேரன் பெயர் எல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டு, ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். அப்படியே விட்டுவிடலாமா?"

விட வேண்டாம் அம்மா. கேட்ட கேள்விகளும் போதாது, கேட்ட நேரமும் சரியில்லை.

சிறுநீரக நோயில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது பழைய ஞாபகம் இல்லை. கவனம், யோசிக்கும் வேகம், ஒரு வேலையை வரிசைப்படுத்திச் செய்யும் திறன். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுப்பதுபோலவே மூளையில் இருப்பவற்றையும் கெடுக்கின்றன. அதனால் பேரன் பெயர் சரியாக வரும், கணக்கு வராது.

இதைப் பிடிக்க 'மோகா' என்ற பரிசோதனை உதவும். தமிழிலும் உண்டு, பத்து நிமிட வேலை. அதில் ஒரு கடிகாரம் வரைந்து, பதினொன்று பத்து என்று முள் வைக்கச் சொல்வோம். வட்டம் அழகாக இருக்கும், எண்களும் சரியாக இருக்கும். ஆனால் 'பத்து' என்று காதில் விழுந்ததும் பெரிய முள்ளைக் கொண்டுபோய் 10-இல் வைத்துவிடுவார்கள். பத்து நிமிடம் என்றால் 2-இல் வைக்க வேண்டும் என்று ஒரு நொடி நிதானிக்கும் இடத்தில்தான் தடுமாற்றம்.

மொத்தம் 30 மதிப்பெண். 26-க்குக் கீழே போனால் யோசிக்க வேண்டும் என்பது பொது விதி. படிப்பு குறைந்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக்கொடுப்பார்கள். என்னைக் கேட்டால் எட்டாவது படித்தவருக்கு அது போதாது. வெறும் எண்ணை வைத்து மறதிநோய் என்று முத்திரை குத்த விடாதீர்கள். முன்பு கணக்கில் எப்படி இருந்தார், இப்போது எப்படி என்று நீங்கள் சொல்வதற்கும் அதே அளவு மதிப்பு உண்டு.

சரி, எப்போது செய்வது? டயாலிசிஸ் ஓடும்போது ரத்த அழுத்தம் இறங்கும், உடம்பில் நீரும் உப்புகளும் வேகமாக மாறும், ஊசி குத்திய கையை அசைக்கவும் முடியாது. முடிந்த கையோடும் வேண்டாம், ஆள் அசந்து கிடப்பார். மறுநாள் காலை, சாப்பிட்ட பிறகு கூட்டிப்போங்கள். கண்ணாடியையும், காதுக் கருவி இருந்தால் அதையும் மறக்க வேண்டாம். காது கேட்காமல் போன மதிப்பெண்கள் நிறைய.

அப்புறம், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். எனக்கு இதுதான் முக்கியம். கால் எரிச்சலுக்குத் தரும் காபாபென்டின், பிரிகாபலின் எல்லாம் சிறுநீர் வழியாக வெளியேற வேண்டியவை; வழி அடைபட்டால் உடம்பிலேயே தங்கி மந்தமாக்கும். தசைப்பிடிப்புக்கான பேக்லோஃபென் இன்னும் மோசம், ஒன்றிரண்டு மாத்திரையிலேயே நினைவு தப்பியவர்கள் உண்டு. இன்சுலினும் உடம்பில் அதிக நேரம் நிற்கும், சர்க்கரை இறங்கி ஆள் குழம்புவார். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், மருத்துவர் அளவைக் குறைப்பார். ரத்தசோகை, சோடியம், கால்சியம், தைராய்டு, பி12, டயாலிசிஸ் அளவு போதுமா என்பதையும் பார்ப்பார். தூக்கமும் மனச்சோர்வும் விசாரிக்கப்பட வேண்டும். கடைப் பக்கம் வராதது மனச்சோர்வாகவும் இருக்கலாம். இவற்றில் பலவும் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்த சில மாதங்கள் கழித்து அதே பரிசோதனையை, அதேபோல டயாலிசிஸுக்கு மறுநாள் காலையில் செய்து ஒப்பிடுங்கள்.

அதுவரை மாத்திரையை வீட்டில் ஒருவர் எடுத்துக் கொடுக்கட்டும்.

ஒன்று மட்டும் காத்திருக்காது. ஓரிரு நாளில் திடீரென்று உளறல், அரைத்தூக்கம், விடாத விக்கலோடு குழப்பம், விழுந்து தலையில் அடி என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டயாலிசிஸில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பதால் சின்ன அடிகூட மண்டைக்குள் ரத்தம் கட்டவைக்கும். நட்சத்திரப் பழம் சாப்பிட்டாரா என்றும் கேட்டுச் சொல்லுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது மூளையைத் தாக்கும் விஷம்.