சான்சுயியா, மராண்ட்ஸா? பழைய ஆடியோ பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் என்றால் என் ஓட்டு சான்சுயிக்கு, மராண்ட்ஸுக்கு இரண்டாவது இடம்." வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், எம்.எஸ்.வி.யா இளையராஜாவா என்று கேட்டுத் தொலைத்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. சரி, ஆரம்பிப்போம்.

என்னிடம் மராண்ட்ஸ் 2270 இருக்கிறது. அப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது, இன்றும் பாடுகிறது. அதை இரண்டாவது இடத்தில் வைக்க என்ன காரணம்? அந்த நீல விளக்குகூடவா உங்களுக்குப் பிடிக்கவில்லை?
*– வாசகர், கோயம்புத்தூர்*

விளக்கு பிடிக்கும், அதில் சண்டையே இல்லை. ஆனால் அந்த விளக்குக்கும் சேர்த்துத்தான் இன்று விலை சொல்கிறார்கள், என் முணுமுணுப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மராண்ட்ஸ் என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது மூன்று காலம் இருக்கிறது. 1950களில் சால் மராண்ட்ஸ் நியூயார்க்கில் தொடங்கிய கம்பெனி வால்வ் ஆம்ப்களுக்குப் பெயர் போனது. அந்த மாடல் 7, மாடல் 9 எல்லாம் இன்று நம் கைக்கு எட்டாத சரக்கு. 1964ல் அதை சூப்பர்ஸ்கோப் வாங்கியது. உங்கள் 2270 உட்பட, எல்லோரும் ஆசை ஆசையாகப் படம் எடுத்துப் போடுகிற ரிசீவர்கள் (ஆம்ப்ளிஃபயரும் ரேடியோ ட்யூனரும் ஒரே பெட்டியில்) அந்த இரண்டாவது காலத்தவை. 1980ல் அமெரிக்காவும் கனடாவும் தவிர மற்ற நாடுகளுக்கான மராண்ட்ஸ் பிலிப்ஸ் கைக்குப் போனது. ஆகவே யாராவது "மராண்ட்ஸ் நல்லதா" என்று கேட்டால், எந்த வருஷத்து மராண்ட்ஸ் என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. 2270 சேனலுக்கு 70 வாட், விரலால் உருட்டுகிற அந்த ட்யூனிங் சக்கரத்துக்கு இருக்கிற கனம் இன்றைய ரிசீவர்களில் கிடையாது, பழைய சினிமாப் பாட்டில் குரல் அழகாக முன்னால் வந்து நிற்கும். மிருதங்கம், தவில் என்று வரும்போதுதான் எனக்குக் கொஞ்சம் போதவில்லை. இடப்பக்கத் தொப்பியின் நாதம் அடித்த இடத்தில் நிற்காமல் வழிந்துகொண்டு போகிறது.

சான்சுயி 1947ல் டோக்கியோவில் டிரான்ஸ்ஃபார்மர் செய்யத் தொடங்கிய கம்பெனி. பவர் சப்ளையில் கஞ்சத்தனம் பண்ணாத குணம் அவர்களுக்கு அங்கிருந்துதான் வந்தது என்பது என் கணிப்பு. அவர்களுடைய 85 வாட் ஆம்ப் ஏயூ-717ஐ அதே ஸ்பீக்கரில் மாட்டி அதே தவிலைப் போட்டுப் பாருங்கள், அடி விழுந்த இடத்தில் அப்படியே நிற்கும்.

இது நியாயமான போட்டி இல்லையே, 2270 எழுபதுகளின் தொடக்கம், 717 கடைசி என்று நீங்கள் கேட்கலாம். சரிதான், நானும் அதைத்தான் சொல்ல வருகிறேன், ஏனென்றால் நடுவில் 1974 வருகிறது. அதுவரை அமெரிக்க விளம்பரங்களில் வாட் கணக்கை அவரவர் இஷ்டத்துக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள் (நம் ஊரில் 90களில் டப்பா செட்டின் மேல் 'பிஎம்பிஓ' என்று ஆயிரக்கணக்கில் ஸ்டிக்கர் ஒட்டினார்களே, கிட்டத்தட்ட அது மாதிரி). 1974ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் விதி போட்டது: இரண்டு சேனலையும் சேர்த்து ஓட்டித் தொடர்ச்சியாகத் தருகிற பவரைத்தான் சொல்ல வேண்டும், எந்த அலைவரிசை வரை, எவ்வளவு டிஸ்டார்ஷனில் என்பதையும் சொல்ல வேண்டும், அதுவும் மூன்றில் ஒரு பங்கு பவரில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேற்றிய பிறகு. பொய் சொல்ல வழியில்லாமல் போனதும் டிரான்ஸ்ஃபார்மரையும் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கையும் நிஜமாகவே பெரிதாக்க வேண்டி வந்தது. அப்புறம் ஒரே போட்டிதான்: பயனியர் எஸ்எக்ஸ்-1980 சேனலுக்கு 270 வாட், மராண்ட்ஸ் 2600ம் சான்சுயி ஜி-33000ம் தலா 300 வாட். யாருக்கு வீட்டில் 300 வாட் வேண்டும்? யாருக்கும் வேண்டாம். ஆனால் அந்தப் போட்டியால் 40, 60 வாட் செட்டுகளும் உருப்படியாக வந்தன. அதனால் பெயர்ப் பலகைக்கு முன்னால் நான் வருஷத்தைப் பார்ப்பேன். 1975க்கும் 1980க்கும் நடுவில் வந்த மராண்ட்ஸை சான்சுயிக்குப் பக்கத்தில் வைத்தால் என் ஓட்டு இப்போதும் சான்சுயிக்குத்தான், ஆனால் அவ்வளவு சத்தமாகச் சொல்ல மாட்டேன்.

சான்சுயிக்காரர்கள் ரொம்ப சந்தோஷப்படவும் வேண்டாம். பெரிய கெப்பாசிட்டர்கள் ஆடாமல் இருக்க போர்டில் ஒரு பசை போட்டிருப்பார்கள்; அந்தக் காலத்தில் ஜப்பானியர் பலரும் போட்டதுதான், 717 அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே பேர் வாங்கியது. வயதானால் அது கறுத்து, கரண்டைக் கடத்த ஆரம்பித்து, பக்கத்தில் இருக்கும் ரெசிஸ்டர், டயோடின் கால்களை அரித்துவிடும். திறந்து, சுரண்டி எடுத்து, அரித்ததை மாற்றித்தான் ஓட்ட வேண்டும். அதைச் செய்யாத 717ஐவிட, நன்றாக சர்வீஸ் செய்த உங்கள் 2270 எவ்வளவோ மேல். கையில் இருப்பதை விற்காதீர்கள்.

எங்கள் வீட்டில் முன்பு சான்சுயி டிவி இருந்தது. நீங்கள் புகழ்வது அந்தக் கம்பெனியையா?
*– வாசகி, திருச்சி*

இல்லை. இந்தியாவில் அந்தப் பெயரில் டிவி விற்றது வீடியோகான். பெயர் மட்டும்தான் அது.

பயனியர் எஸ்எக்ஸ்-780 ஒன்று விலைக்கு வருகிறது. ரிட்சி தெருவில் தெரிந்த மெக்கானிக் அண்ணன், "உள்ளே ஐசி, வேண்டாம் தம்பி" என்கிறார். நான் கேட்டவரை நன்றாகத்தான் பாடுகிறது.
*– வாசகர், பெரம்பூர்*

அண்ணன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 780ல் அவுட்புட்டுக்குத் தனித்தனி டிரான்சிஸ்டர் கிடையாது, எஸ்டிகே-0050 என்ற ஹைப்ரிட் ஐசி (பல பாகங்களை ஒன்றாக அடைத்த ஒரே கட்டி) சேனலுக்கு ஒன்று. 45 வாட், சத்தம் இனிமையாக இருக்கும், நானே ரசித்துக் கேட்பேன். ஆனால் அந்த ஐசி இப்போது உற்பத்தியில் இல்லை, சந்தையில் எஸ்டிகே என்று எழுதி வருவதில் போலி ஏராளம், போலி போனால் தனியாகப் போகாது, ஸ்பீக்கரையும் கூட்டிக்கொண்டு போகும். எஸ்எக்ஸ்-1250 மாதிரி பெரிய மாடல்களில் டிரான்சிஸ்டர்கள் தனித்தனி, ஒன்று போனால் அதற்கு இணையானதைத் தேடிப் போட்டுவிடலாம் (டிரான்சிஸ்டரிலும் போலி உண்டு, அது வேறு கதை).

விலை குறைவென்றால் 780ஐ வாங்குங்கள், ஆனால் நேராக பிளக்கில் சொருகாதீர்கள். முதல் தடவை 100 வாட் குண்டு பல்பை சீரியலில் போட்டு ஆன் பண்ணுங்கள். பல்ப் ஒரு நொடி எரிந்து மங்கினால் நல்லது, பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். பிறகு ஸ்பீக்கரை மாட்டாமல், ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி வோல்ட்டேஜ் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலை இல்லை, நூறைத் தாண்டினால் அண்ணனிடமே கொடுத்துவிடுங்கள். நம் ஊரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: மூடியைக் கழற்றினால் உள்ளே பல்லி செத்துக் காய்ந்து கிடக்கும்.

என் தம்பி ஒசாகாவில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வரும்போது ரிசீவரும் டர்ன்டேபிளும் வாங்கி வரச் சொல்லலாமா? அங்கே விலை குறைவு என்கிறான்.
*– வாசகர், நாகர்கோவில்*

டர்ன்டேபிள் என்றால் யோசிக்காமல் டெக்னிக்ஸ் என்று சொல்லுங்கள். 1970ல் எஸ்பி-10 மூலம் டைரக்ட் டிரைவை (பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகத் தட்டைச் சுற்றுவது) சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். எஸ்எல்-1200 வந்தது 1972ல். 2010ல் நிறுத்தி, ஆட்கள் விடாமல் கேட்டதால் 2016ல் மறுபடி கொண்டுவந்தார்கள். தோரன்ஸ், கேரார்ட் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும். கேரார்ட் 301 அழகான இயந்திரம்தான், ஆனால் மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கடத்தும் அதன் ஐட்லர் சக்கரத்தையும் பேரிங்கையும் பார்த்துக்கொள்ள உங்களுக்குப் பொறுமை வேண்டும், நாகர்கோவிலில் ஆள் வேண்டும்.

டைரக்ட் டிரைவ் வாங்கச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. ஜப்பானில் கிழக்குப் பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா இருக்கும் மேற்குப் பக்கம் 60. ஏசி மோட்டாரில் ஓடுகிற பெல்ட் டிரைவை அங்கிருந்து கொண்டுவந்து இங்கே 50ல் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துவிடும், லதாவே ஆண் குரலில் பாடுவார். புல்லியை மாற்றினால் சரியாகும், ஆனால் அந்தப் புல்லி கிடைக்க வேண்டும். எஸ்எல்-1200 எம்கே2 க்வார்ட்ஸ் கட்டுப்பாட்டில் ஓடுவதால் இந்தத் தலைவலி இல்லை. எதுவானாலும் அங்கே கரண்ட் 100 வோல்ட், நமக்கு 230, ஆகவே ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம், "பின்னால் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து மாட்டு" என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைப்பதும் கட்டாயம்.

ரிசீவர் வேண்டாம். பழைய ஜப்பான் உள்நாட்டு மாடல்களின் எஃப்எம் 76லிருந்து 90 வரைதான். சூரியன் 93.5ல் இருக்கிறது, மிர்ச்சி 98.3ல் இருக்கிறது, முள் அந்தப் பக்கமே போகாது. வாங்கினால் ட்யூனர் இல்லாத ஆம்ப் மட்டும் வாங்கி வரட்டும்.

ஸ்பீக்கரில் உங்கள் வரிசை என்ன? ஜேபிஎல், ஏஆர் (அக்கூஸ்டிக் ரிசர்ச்), யமஹா மூன்றில் எது? வீடு கடற்கரைக்குப் பக்கம்.
*– வாசகர், புதுச்சேரி*

கடைசி வரிதான் கேள்விக்கே பதில். 70கள், 80களின் ஸ்பீக்கர் பலவற்றில் கோனை (முன்னும் பின்னும் அசைகிற கூம்பு) சுற்றி இருக்கும் வளையம் பாலியூரிதேன் ஃபோம். உபயோகித்தாலும் சரி, சும்மா வைத்தாலும் சரி, ஈரக் காற்றில் அது பொடிந்து உதிரும். பிற்கால ஏஆர்-3ஏ அப்படித்தான். ஏஆர் இனத்தின் அந்த ஆழமான பாஸ் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் ஃபோம் மாற்றியதா, யார் மாற்றினார்கள் என்று கேட்காமல் தொடாதீர்கள். சில இடங்களில் ஃபோமுக்குப் பதில் கையில் கிடைத்த தடித்த ரப்பரை ஒட்டிவிடுகிறார்கள், கோன் அசையவே மாட்டேன் என்கிறது, பாஸ் காணாமல் போய்விடுகிறது.

ஜேபிஎல் எல்100 செஞ்சுரியின் வூஃபரில் (பாஸ் தருகிற பெரிய ஸ்பீக்கர்) ஃபோம் இல்லை, பதப்படுத்திய துணி. யமஹா என்எஸ்-1000எம்மும் துணிதான். புதுச்சேரிக்கு இந்த இரண்டில் ஒன்று. எனக்கு யமஹா, 1974ல் வந்தது, நடு ஒலிக்கும் மேல் ஒலிக்கும் பெரிலியம் உலோகத்தில் செய்த டோம் (குமிழ்), வீணையில் தந்தியைத் தொடுகிற சத்தம்கூடத் தெரியும். சிலருக்கு அதுவே கொஞ்சம் கூர்மையாகப் படும். ஒரு எச்சரிக்கை: அந்த டோம் உடைந்திருந்தால் கை வைக்காதீர்கள், பெரிலியம் தூள் நுரையீரலுக்கு விஷம். ஜேபிஎல் கொண்டாட்டமான ஸ்பீக்கர், கேட்டால் ஆடத் தோன்றும், ராத்திரி பத்து மணிக்கு மெதுவாகக் கேட்கிற ஆளுக்கு அது வேண்டாம். அறை சின்னது, கேட்பதெல்லாம் குரல்தான் என்றால் பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏவைத் தேடுங்கள், அதில் ரப்பர் வளையம். விலைதான் தலையைச் சுற்றும்.

போஸ் 901 ஸ்பீக்கர் ஒரு ஜோடி மலிவாகக் கிடைக்கிறது. கூட வரும் சின்னப் பெட்டி மட்டும் தொலைந்துவிட்டதாம்.
*– வாசகர், ஈரோடு*

அந்தச் சின்னப் பெட்டி ஈக்வலைசர், அதாவது ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சரிக்கட்டுவது. 901ல் ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஒன்பது சின்ன ஸ்பீக்கர், அதில் எட்டு பின்சுவரைப் பார்க்கும். ஈக்வலைசர் இல்லாமல் போட்டால் ட்ரெபிளும் இருக்காது, பாஸும் இருக்காது. அதே சீரிஸுக்கான ஈக்வலைசர் கிடைத்தால் பேசலாம். கிடைக்காவிட்டால் மலிவும் மலிவு இல்லை.

எல்லாமே ஜப்பான், அமெரிக்கா, இங்கிலாந்து. நம் நாட்டில் யாருமே உருப்படியாகச் செய்யவில்லையா? என் பட்ஜெட் சின்னது.
*– வாசகி, மதுரை*

செய்தார்கள். கொல்கத்தாவில் 1970ல் தொடங்கிய சோனோடைன் இருக்கிறது, காஸ்மிக் என்று இன்னொன்றும் இருந்தது. 1991க்கு முன் வெளிநாட்டு செட் என்றால் யாராவது விமானத்தில் தூக்கிவர வேண்டும், அல்லது பர்மா பஜாரில் பேரம் பேச வேண்டும், அதனால் பல வீடுகளில் ஸ்டீரியோ என்றாலே இவைதான். ஏயூ-717க்குப் பக்கத்தில் வைத்தால் தாங்காது, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கால இந்திய ஆம்ப்களில் நிறையவும் 2என்3055 மாதிரி எங்கும் கிடைக்கிற டிரான்சிஸ்டரை வைத்துச் செய்தவை, 230 வோல்ட்டுக்கே செய்தவை, எந்த ஊர் ரேடியோ மெக்கானிக்கும் பயமில்லாமல் திறப்பார். முதல் செட்டாக வாங்கவும், பழகவும் எனக்குத் தெரிந்து இதைவிடச் சிக்கனமான வழி இல்லை, மிச்சப் பணத்தை நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள். பார்க்கப் போகும்போது ஃபோனில் பாட்டு போட்டுக் கேட்க ஆக்ஸ் ஒயர் ஒன்று எடுத்துப் போங்கள், அதோடு டின் (DIN) என்ற பழைய வட்ட பிளக்குக்கு மாற்றும் ஒயரும் வேண்டும். இவற்றில் பலவற்றின் பின்பக்கம் ஐந்து ஓட்டை டின் சாக்கெட்தான் இருக்கும், இன்று வழக்கமான ஆர்சிஏ பின் நுழையாது.