மெர்டேக்கா அரங்கம் – கடிதம்

வணக்கம் ஐயா,

போன மாதம் கோலாலம்பூர் போயிருந்தேன். மெர்டேக்கா 118 கோபுரத்தைப் பார்க்கப் போனபோது, பக்கத்திலிருக்கும் பழைய மெர்டேக்கா அரங்கத்தையும் காட்டினார்கள். 1957-இல் நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை ‘மெர்டேக்கா’ (விடுதலை) என்று முழங்கிய இடம் என்றார் வழிகாட்டி. சரி, ஆனால் புக்கிட் ஜாலிலில் அத்தனை பெரிய தேசிய அரங்கம் இருக்கும்போது, நகரத்தின் நடுவில் இதை ஏன் வைத்திருக்க வேண்டும்? ஒரு நினைவுக்கல் போதாதா?

கா., கோவை

அன்புள்ள கா.,

அந்த ஒரு நாளுக்காக மட்டும் என்றால் கல் போதும். ஆனால் 1998-இல் புக்கிட் ஜாலில் வரும்வரை, நாற்பது வருடம் எங்களுக்குத் தேசிய அரங்கம் அதுதான்.

உங்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆண்கள் ஹாக்கியில் இந்தியா உலகக் கோப்பையை வென்றது ஒரே ஒரு முறை. 1975 மார்ச் 15, பாகிஸ்தானுக்கு எதிராக, 2-1. அது நடந்தது இந்தப் புல்தரையில்தான். தமிழ்நாட்டு வி. ஜே. பிலிப்ஸ் அந்த அணியில் இருந்தார். அசோக் குமார் அடித்த பந்து கோலின் மூலையில் பட்டுச் சட்டென்று வெளியே வந்துவிட்டது. கோலே இல்லை என்று பாகிஸ்தான் வாதாடியது. எங்கள் ஊர் நடுவர் விஜயநாதன் கோல் என்றார், கடைசிவரை மாறவில்லை.

எங்கள் வீட்டில் பேச்சு எப்போதும் 1980-க்குத்தான் போகும். ஏப்ரலில் கால்பந்தில் தென்கொரியாவை இங்கே 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றோம். வெற்றி கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங். கோல் காத்தவர் ஆறுமுகம். நீளக் கைகள், அதனால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர். அப்பா அன்று அரங்கத்தில் இருந்தார். பந்து வலைப்பக்கம் வரும்போதெல்லாம் பக்கத்திலிருந்த சீனக் கிழவர் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார் என்று சாகும்வரை சொன்னார். அந்த ஒலிம்பிக்கை மலேசியா புறக்கணித்தது. எங்கள் ஆட்கள் போகவே இல்லை. 1988-இல் கார் விபத்தில் ஆறுமுகமும் போய்விட்டார். அந்த ஆட்டத்துக்கு மிச்சமிருப்பது அந்தத் திடல் மட்டும்தான்.

அப்புறம், கட்டடத்தையும் கொஞ்சம் பாருங்கள். ஸ்டான்லி ஜூக்ஸ் என்ற பொறியாளருக்கு ஒரு வருடம்கூடக் கிடைக்கவில்லை. விளக்குக் கோபுரங்களுக்கு அவர் செய்த வேலை எனக்கு இன்றும் வியப்பு: வடிகாலுக்குப் போடும் பெரிய கான்கிரீட் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எஃகுக் கம்பிகளால் இறுக்கிக் கட்டினார். கையில் காசும் நாளும் குறைவாக இருந்த ஒரு நாடு தன் முதல் நாளுக்கு எப்படித் தயாரானது என்பது அந்தக் குழாய்களில் தெரிகிறது.

1990-களில் அதை இடித்துக் கட்டும் திட்டம் வந்தது. பொருளாதார நெருக்கடி வந்ததால் அரங்கம் பிழைத்தது. பிற்காலத்தில் சேர்த்த இருக்கைகளை எடுத்துவிட்டு 1957-இல் இருந்த தோற்றத்துக்கே மீட்டார்கள். அதற்கு 2008-இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது.

அடுத்த முறை வந்தால் சொல்லுங்கள். சேர்ந்தே போவோம். அப்பா உட்கார்ந்த பக்கம் எது என்று எனக்குத் தெரியும்.