வளாகம் மூடிக் கிடக்கிறது, வகுப்பை எங்கே நடத்துவது? வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். வெள்ளம், தீ, தொற்று, கலவரம் என்று காரணம் கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது, ஆனால் ஆசிரியர்களும் மாணவர்களும் தவிப்பது ஒரே மாதிரி. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வியாழக்கிழமை மாலை விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள், திங்கள் முதல் ஆன்லைன் வகுப்பு என்று சுற்றறிக்கையும் வந்துவிட்டது. எங்கள் துறையில் ஒருவர் ஜூம், ஒருவர் கூகுள் மீட், இன்னொருவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. எதைப் பயன்படுத்துவது நல்லது? (உதவிப் பேராசிரியை, வரலாறு)

பதில்: எதை எடுத்தாலும் சரி, துறை முழுக்க அதையே எடுங்கள். ஒரு மாணவருக்கு ஐந்தாறு பாடம் இருக்கும், ஆளுக்கொரு செயலி என்றால் அந்தப் பிள்ளை லிங்க் தேடியே களைத்துப்போகும். முதல் வேலையாகச் சக ஆசிரியர்களோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசி, அறிவிப்பு எங்கே வரும், பாடக் குறிப்பு எங்கே இருக்கும், நேரலையில் எங்கே சந்திப்பது என்று மூன்றுக்கும் ஒவ்வொரு இடம் முடிவு செய்யுங்கள். குறிப்புகளுக்கும் அசைன்மென்டுக்கும் உங்கள் பல்கலைக்கழகத்தில் மூடுல் (Moodle) என்ற இணையவழிப் பாட மென்பொருள் ஏற்கெனவே இருந்தால் அதுவே போதும், இல்லையென்றால் கூகுள் கிளாஸ்ரூமை ஒரே நாளில் தொடங்கிவிடலாம். நேரலைக்கு ஜூமும் மீட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வித்தியாசம் மட்டும் நினைவிருக்கட்டும்: பணம் கட்டாத கணக்கில் ஜூம் 40 நிமிடத்தில் துண்டித்துவிடும், மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் மீட் 60 நிமிடம் வரை விடும், இரண்டிலும் 100 பேர்தான் எல்லை. உங்கள் வகுப்பில் 120 பேர் என்றால் நிர்வாகத்திடம் நிறுவனக் கணக்கு கேட்டு வாங்குங்கள், தயங்கவே வேண்டாம்.

வாட்ஸ்அப் குழு பற்றி ஒரு வார்த்தை. வகுப்பு முழுவதையும் ஒரு குழுவில் சேர்த்தால் எல்லோருடைய கைப்பேசி எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடும், பெண் பிள்ளைகள் பலருக்கு இதனால் தொல்லை வந்திருக்கிறது. அறிவிப்புக்கு மட்டும்தான் வேண்டும் என்றால் டெலிகிராம் சேனல் போதும், அதில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. அப்புறம், நேரலை லிங்கைப் பொதுவில் போடாதீர்கள். 2020-இல் முகம் தெரியாதவர்கள் வகுப்புக்குள் புகுந்து ஆபாசமாகக் கத்திய சம்பவங்கள் உலகம் முழுக்க நடந்தன, அதற்குப் பிறகுதான் ஜூம் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் தானாகவே இயங்கும்படி மாற்றியது. அவற்றை அணைத்துவிடாதீர்கள்.

கேள்வி: நேரலைக்குப் பாதிப்பேர்கூட வருவதில்லை. கேட்டால் நெட் இல்லை, டேட்டா தீர்ந்துவிட்டது என்கிறார்கள். சாக்குப்போக்கா, உண்மையா என்று எனக்குப் புரியவில்லை. (விரிவுரையாளர், வணிகவியல்)

பதில்: சிலர் சாக்குச் சொல்லலாம், ஆனால் உண்மை என்று எடுத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். கணக்கு இதுதான்: வீடியோ விநாடிக்கு 600 கிலோபிட் வேகத்தில் வந்தால் ஒரு மணி நேரத்துக்கு 270 எம்பி ஆகும். ஒரு நாளைக்கு நான்கு வகுப்பு என்றால் ஒரு ஜிபிக்கு மேல் போய்விடும், அதுவும் வீட்டில் ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் பங்குபோடும்போது. அதே பேச்சைக் குரலாக மட்டும் 32 கிலோபிட்டில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 14 எம்பி சொச்சம்தான், எழுதிய குறிப்பாகக் கொடுத்தால் ஒரு எம்பிகூட வராது. வெள்ளத்தில் மாட்டி உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் மாணவரிடம் வீடியோவை விட்டால் வேறு வழியில்லை என்று சொல்வது பாடத்தை அவருக்கு மறுப்பதுதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அதனால் வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். அந்த வாரத்துக்கான எழுத்துக் குறிப்பும் குரல் பதிவும் திங்கட்கிழமையே கைக்குப் போய்விட வேண்டும், நேரலை சந்தேகம் கேட்க மட்டும். மூடுலின் கைப்பேசிச் செயலியில் பாடங்களை நெட் கிடைக்கும் இடத்தில் இறக்கிக்கொண்டு பிறகு நெட் இல்லாமலே படிக்கலாம், இந்த வசதி இருப்பதே பல மாணவர்களுக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்கள். வீடியோ எடுத்தே ஆக வேண்டும் என்றால் துண்டு துண்டாக எடுங்கள். எடெக்ஸ் (edX) என்ற இணையப் படிப்புத் தளத்தின் வீடியோ பாடங்களை மாணவர்கள் பார்த்த 69 லட்சம் அமர்வுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பொதுவாக 6 நிமிடத்துக்கு மேல் பார்ப்பதில்லை என்று அதில் தெரியவந்தது. ஒரு மணி நேர விரிவுரையை அப்படியே பதிந்து ஏற்றினால் முதல் சில நிமிடங்களைத்தான் பெரும்பாலோர் பார்ப்பார்கள். ஒரு கருத்துக்கு ஒரு பதிவு, அதற்குக் கீழே ஒரே ஒரு கேள்வி, அவ்வளவு போதும்.

கேள்வி: நான் கணிதம் எடுப்பவன். கரும்பலகை இல்லாமல் வாய் வார்த்தையாக ஒரு நிரூபணத்தையும் சொல்ல முடியாது. எழுதும் டேப்லெட் வாங்க வசதியும் இல்லை.

பதில்: வாங்க வேண்டாம். நாலு கனமான புத்தகத்தை அடுக்கி, அதன் மேல் கைப்பேசியைக் கேமரா கீழே பார்க்கும்படி வெளியே நீட்டி வைத்து, நேரலைக்குள் அதையும் இரண்டாவது ஆளாகச் சேர்த்துவிடுங்கள். கணினியில் உங்கள் முகம், கைப்பேசியில் நீங்கள் எழுதும் தாள். கைப்பேசியின் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் கண்டிப்பாக அணைக்க வேண்டும், இல்லையென்றால் எதிரொலியில் யாருக்கும் எதுவும் கேட்காது. பால்பாயின்ட் மங்கலாகத் தெரியும், தடித்த மார்க்கர் பேனாவால் எழுதுங்கள். வகுப்பு முடிந்ததும் அந்தத் தாள்களைப் படம் எடுத்துப் பிடிஎஃப் ஆக்கிப் போட்டால், வர முடியாதவர்களுக்கும் நிரூபணம் முழுசாகக் கிடைக்கும்.

கேள்வி: தேர்வு நேரத்தில் கேமராவை வைத்துக் கண்காணிக்கும் மென்பொருள் வாங்கலாம் என்று எங்கள் நிர்வாகம் சொல்கிறது. உங்கள் கருத்து?

பதில்: நெருக்கடி நேரத்தில் நான் அதை ஆதரிக்க மாட்டேன். நெட் ஒரு நிமிடம் அறுந்தாலோ, பக்கத்தில் தம்பி நடந்து போனாலோ, வெளிச்சம் குறைந்தாலோ அந்த மென்பொருள் சந்தேகக் குறி போட்டுவிடும், அப்புறம் குற்றமற்றவர் என்று நிரூபிக்கும் பாரம் ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் மாணவர் தலையில் விழும். கேள்வித்தாளை மாற்றுவது இதைவிடப் பலன் தரும். எண் கணக்கு வரும் பாடங்களில் மூடுலில் ‘கால்குலேட்டட்’ என்றொரு கேள்வி வகை இருக்கிறது, கேள்வி ஒன்றே, ஆனால் மாணவருக்கு மாணவர் எண் மாறும், விடையைப் பகிர்ந்து பயனில்லை. மற்ற பாடங்களில் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்று விட்டுவிட்டு, படித்ததை வைத்து யோசிக்க வேண்டிய கேள்வியாகக் கேளுங்கள், 24 மணி நேர அவகாசம் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் போனில் கூப்பிட்டு ‘நீங்கள் எழுதியதை எனக்கு விளக்குங்கள்’ என்று கேளுங்கள், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பெரிய வகுப்பில் எல்லோரையும் இப்படிக் கூப்பிட முடியாது, உண்மைதான், ஆனால் சிலரைக் கூப்பிட்டாலே மற்றவர்கள் தாங்களே எழுத ஆரம்பிப்பார்கள்.

கேள்வி: கேமராவை ஆன் செய்யாவிட்டால் ஆப்சென்ட் போடுகிறார்கள். எங்கள் வீட்டில் ஒரே அறை, அம்மா அப்பா எல்லோரும் அங்கேதான். என்ன செய்வது? (இரண்டாம் ஆண்டு மாணவி)

பதில்: ஆசிரியருக்குத் தனியாக ஒரு செய்தி எழுதும்மா, எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டியதில்லை. வகுப்பு முடிந்ததும் அன்றைய பாடத்தைப் பற்றி மூன்று வரி எழுதி அனுப்புகிறேன், அதை வருகையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேள். இதைப் படிக்கும் ஆசிரியர்களே, முகம் தெரிந்தால்தான் வருகை என்ற விதியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆய்வக வகுப்புகள்?

பதில்: முழுசாக ஈடுகட்ட முடியாது. இயற்பியல், வேதியியல் அடிப்படைகளுக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) என்ற, சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் உருவகச் செயல்பாடுகள் இலவசம், பலவற்றை இறக்கி வைத்தும் ஓட்டலாம். அதோடு நீங்கள் எடுத்த உண்மையான அளவீடுகளைக் கொடுத்து, பிழையைக் கணக்கிடுவது, வரைபடம் போடுவது, முடிவு எழுதுவது ஆகியவற்றை இப்போதே முடித்துவிடுங்கள். கையால் செய்ய வேண்டியதை வளாகம் திறந்ததும் ஒரு வாரம் ஒதுக்கிச் செய்யலாம்.

கேள்வி: எங்கள் வளாகத்துக்கு இன்னும் எதுவும் நடக்கவில்லை. முன்கூட்டியே என்ன தயார் செய்வது? (துறைத் தலைவர்)

பதில்: நல்ல நேரத்தில் கேட்டீர்கள். 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில் டுலேன் பல்கலைக்கழகம் ஒரு செமஸ்டர் முழுக்க மூடிக் கிடந்தது, மாணவர்கள் வேறு வேறு கல்லூரிகளில் போய்ப் படித்தார்கள். 2011 பிப்ரவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகம் கூடாரம் போட்டு வகுப்பு எடுத்தது. இப்படி ஒரு நாள் வந்தால் உங்கள் வளாகத்துக்குள் இருக்கும் சர்வரும் கட்டடத்தோடு சேர்ந்து முடங்கலாம், அதனால் மாணவர் தொடர்புப் பட்டியலும் பாடத்திட்டமும் வளாகத்துக்கு வெளியே ஒரு பிரதி இருக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் கருவியையும் நம்பியிருக்க முடியாது, கூகுளின் ஜாம்போர்டு என்ற மின்பலகைச் செயலியே 2024 கடைசியில் நின்றுபோயிற்று. செமஸ்டருக்கு ஒரு நாள் எல்லாப் பாடத்தையும் ஆன்லைனில் நடத்திப் பாருங்கள், அன்றைக்கே யாருக்கு நெட் இல்லை, எந்த ஆசிரியருக்கு உதவி வேண்டும் என்று தெரிந்துவிடும். தொலைபேசி எண்களை ஒவ்வொரு செமஸ்டரும் சரிபார்த்து எஸ்எம்எஸ் அனுப்பிச் சோதியுங்கள், டேட்டா கிடைக்காத இடத்திலும் பல நேரம் எஸ்எம்எஸ் போய்ச் சேரும்.