வாளை மரம் ஏறவில்லை

அன்புள்ள ஐயா,

முதுகலைத் தமிழ் படிக்கிறேன். குறுந்தொகை 8ஆம் பாடலுக்கு அணிநலம் எழுதச் சொன்னார்கள். ‘ஆடிப் பாவை போல’ என்பதை உவமையணி என்று எழுதிவிட்டு, முதல் இரண்டு அடிகளை இயற்கை வருணனை என்று விட்டுவிட்டேன். பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. உள்ளுறை, இறைச்சி, படிமம், குறியீடு எல்லாவற்றையும் அடையாளம் காண ஓர் அட்டவணை தர முடியுமா? தண்டியலங்காரத்தின் 35 பொருளணிகளையும் மனப்பாடம் செய்தால் போதுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அட்டவணை தரமாட்டேன். பாட்டு படிப்பதைப் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலையாக்கிவிட்டோமே என்று கொஞ்ச நாளாகவே மனம் வெதும்பிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் நேராக அங்கே வந்து தொட்டது.

35 அணிகளை மனப்பாடம் செய்யுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் தண்டியலங்காரம், வடமொழிக் காவியாதரிசத்தின் வழி வந்த பிற்கால அணியிலக்கண நூல். அதை மட்டும் வைத்துச் சங்கப் பாட்டை அளந்தால் பாதிதான் அகப்படும். படிமத்தையும் குறியீட்டையும் இப்போதைக்கு விடுங்கள்.

‘போல’ எங்கே என்று தேடும் பழக்கத்தை முதலில் ஒழியுங்கள். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் ‘வாரல் என்பனபோல்’ கை காட்டுகின்றன. அங்கும் ‘போல்’ இருக்கிறது, ஆனால் அது தற்குறிப்பேற்றம். காற்றில் தானாக ஆடும் கொடியின் மேல் இளங்கோ தன் குறிப்பை ஏற்றுகிறார். உருபை மட்டும் பார்ப்பவர் பள்ளிக்கூடத்துக் கேள்வியிலேயே வழுக்கி விழுவார்.

இனி உங்கள் பாட்டு. ஆலங்குடி வங்கனார் பாடியது:

கழனி மாஅத்து விளைந்துஉகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்இல் பெருமொழி கூறித் தம்இல்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே.

பேசுவது யார்? காதற்பரத்தை, அதாவது மனைவி இருக்கத் தலைவன் நாடிப்போகும் பெண். தலைவி தன்னைப் புறங்கூறினாள் என்று கேள்விப்பட்டு, தலைவியின் பக்கத்து ஆட்கள் காதில் விழும்படி சொல்கிறாள். பாட்டின் அடிக்குறிப்பே இதைச் சொல்கிறது. இது தெரியாமல் அணி தேடக் கூடாது. நீங்கள் அனுப்பிய விடையில் இவளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே! என்ன அவசரம்?

அவள்மேல் என்ன பழி இருக்க முடியும்? அவனை வளைத்துப் போட்டாள் என்பதுதான். இப்போது முதல் இரண்டு அடிகளின் வினைகளை மட்டும் தனியே எழுதிக்கொள்ளுங்கள்: விளைந்து, உகு, கதூஉம். பழம் தானே முற்றுகிறது, தானே உதிர்கிறது. வாளை மீன் மரம் ஏறவில்லை. தன் பழனத்து நீரில் கிடந்தது, விழுந்ததைக் கவ்வியது. ‘அவனாக வந்தான், நானா போனேன்?’ என்கிறாள். மரம் தலைவியின் வீடு என்று கொண்டால் குத்தல் இன்னும் ஆழமாகிறது: அங்கே விளைந்தது அங்கே தங்கவில்லை. இதைத்தான் நீங்கள் ‘இயற்கை வருணனை’ என்று தள்ளிவிட்டீர்கள்.

இதுதான் உள்ளுறை: இயற்கைக் காட்சிக்குள் மறைத்துச் சொல்லும் உவமை. அதற்குத் தெய்வம் நீங்கிய கருப்பொருளே, அதாவது அந்தந்த நிலத்து மரம், விலங்கு போன்றவையே நிலைக்களம் என்பது தொல்காப்பியம். மரமும் மீனும் வந்து, அவை ஒன்றையொன்று ஏதோ செய்தால் அங்கே நில்லுங்கள். ஆனால் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஓர் ஆளைத் தேடி அலையாதீர்கள். கழனி யார் என்று கேட்டால் விடை கிடையாது. அது மருத நிலத்தைக் காட்ட வந்தது. வினைகளைப் பொருத்துங்கள், பெயர்கள் தாமே பொருந்தும்.

ஆடிப்பாவைக்கு வாருங்கள். வினை, பயன், மெய், உரு என்று தொல்காப்பியர் உவமையை நான்காக வகுக்கிறார். இது வினையுவமம், ‘தூக்கத் தூக்கும்’ என்று பொதுத்தன்மையைப் பாட்டே சொல்லிவிடுகிறது. ‘கண்ணாடி நிழல் போன்ற தோற்றமுடையவன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது உருவுவமம், இங்கே பொருந்தாது. மனைவி கையைத் தூக்கினால் இவனும் தூக்குவான்.

இப்போது இரண்டு உவமைகளையும் சேர்த்து வையுங்கள். மரத்திலிருந்து உதிரும் பழத்துக்குச் சொந்த முயற்சி உண்டா? கண்ணாடிக்குள் தெரியும் நிழலுக்கு உண்டா? மறைத்துச் சொன்னதும் வெளிப்படையாகச் சொன்னதும் ஒரே ஆளைத்தான் குத்துகின்றன. இங்கே பெருமொழி பேசியவன் அங்கே போய்ப் பாவையாகிவிட்டான். மறைவுவமை வெளிப்படைச் சொல்லோடு இப்படி ஒட்டினால் உங்கள் பொருள்கோள் சரி. ஒட்டாவிட்டால் திரும்பப் போய்ப் பாருங்கள்.

இறைச்சியை, அதாவது காட்சிக்கு அப்பால் பிறக்கும் குறிப்புப் பொருளை, சுருக்கமாகச் சொல்கிறேன். கலித்தொகை 11இல், கன்று கலக்கிய கொஞ்ச நீரைப் பிடிக்கு ஊட்டிவிட்டுப் பிறகு தான் உண்கிறது களிறு. அவன் போகும் காடு அப்படிப்பட்டது என்று தலைவி நினைத்துத் தேறுகிறாள். அங்கே வினைக்கு வினை பொருத்த வேண்டியதில்லை. அந்த அன்பைக் கண்டவன் திரும்பி வருவான் என்ற நம்பிக்கை காட்சியிலிருந்தே பிறக்கிறது.

உங்களுக்குக் கண் இருக்கிறது, அம்மா. இல்லாவிட்டால் மதிப்பெண் குறைந்ததற்கு இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுதியிருக்கமாட்டீர்கள். குறுந்தொகை 38ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கபிலர் பாட்டு. பாறையில் மயில் இட்ட முட்டையை முசு என்ற குரங்கின் குட்டி உருட்டுகிறது. பேசுவது யார், உருட்டுவது யார், உருள்வது எது என்று எழுதி எனக்கு அனுப்புங்கள். அணியின் பெயர் கடைசி வரியில் வரட்டும்.