லேபிளில் இலைப் படம் இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது?

கேள்வி: எங்கள் பூனைக்குத் தெள்ளுப்பூச்சித் தொல்லை. ரசாயனம் எதற்கு என்று டீ ட்ரீ எண்ணெய் கலந்த ஸ்ப்ரே ஒன்று வாங்கினேன். ‘100 சதவீதம் இயற்கை, செல்லப்பிராணிகளுக்கு ஏற்றது’ என்று லேபிளில் போட்டிருக்கிறது. இரண்டு முறை அடித்தேன். இரண்டாவது முறை அடித்த பிறகு பூனை வாயில் எச்சில் வழிய மூலையில் படுத்துவிட்டது. அளவைக் குறைத்துத் தொடரலாமா?

பதில்: இந்தக் கடிதம் வந்த அன்றே, “பூனையையும் சீசாவையும் தூக்கிக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்” என்று இவருக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். பூனை தேறிவிட்டதாம். இதே தவறு பல வீடுகளில் நடக்கக்கூடியது என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அளவைக் குறைத்தும் தொடர வேண்டாம். டீ ட்ரீ எண்ணெய் ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையிலிருந்து காய்ச்சி எடுக்கப்படுவது. அது இயற்கைதான், பொய்யில்லை. ஆனால் அதில் இருப்பவை டெர்பீன் என்ற வகைச் செறிந்த வேதிப்பொருள்கள். தோல் வழியாகவே அவை உடம்புக்குள் போய்விடும். இப்படி உள்ளே போகும் பல பொருள்களை நம் கல்லீரல் குளுகுரோனிக் அமிலத்தோடு பிணைத்து வெளியே தள்ளுகிறது. பூனையின் கல்லீரலுக்கு இந்த வேலையில் திறன் மிகக் குறைவு. நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரைப் பறிப்பதற்கும் இதுதான் முக்கியக் காரணம். போதாததற்கு, பூனை நாள் முழுக்கத் தன் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி. நீங்கள் ரோமத்தில் அடித்தது கொஞ்ச நேரத்தில் அதன் வயிற்றில் இருக்கும்.

அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் 2014இல் ஓர் ஆய்வு வந்தது. 2002 முதல் 2012 வரை, கலப்பில்லாத டீ ட்ரீ எண்ணெய் பட்ட 443 நாய், பூனைகளின் பதிவுகளை அதில் தொகுத்திருந்தார்கள். எச்சில் வழிதல், சோர்வு, தள்ளாட்டம், நடுக்கம் ஆகியவை 2 முதல் 12 மணி நேரத்துக்குள் தொடங்கி, 3 நாள் வரை நீடித்திருக்கின்றன. என்னை உலுக்கியது வேறொரு தகவல். அவற்றில் சுமார் 10இல் 9 பங்கு, வளர்ப்பவரே நல்லது என்று நினைத்துப் பயன்படுத்தியவை. பாசத்தோடு செய்த காரியம் அது. அதனால்தான் விற்பவர்மேல் எனக்குக் கோபம் வருகிறது. ‘செல்லப்பிராணி’ என்ற ஒரே சொல்லில் நாயையும் பூனையையும் கிளியையும் அடக்கிவிடுகிறார்கள். மூன்றும் மூன்று விதமான உடம்பு.

இப்படி ஆகிவிட்டால், பாத்திரம் கழுவும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு எண்ணெயைக் கழுவுங்கள். துண்டால் சுற்றிச் சூடு குறையாமல் வைத்து மருத்துவரிடம் கொண்டு போங்கள். பூனையால் நிற்க முடியவில்லை, உடல் வெட்டி இழுக்கிறது என்றால் வீட்டில் கழுவிக்கொண்டு நிற்காமல் கிளம்பிவிடுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். சீசாவை மறக்காமல் எடுத்துப் போங்கள். அதில் உள்ள பொருள்களின் பட்டியல் மருத்துவருக்குத் தேவை.

தெள்ளுப்பூச்சிக்கு வேறு என்ன செய்வது? பூனையின் மேல் நீங்கள் காணும் பூச்சிகள் மொத்தக் கூட்டத்தில் சிறு பங்குதான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் விரிப்பில், தரை இடுக்கில், சோபா மடிப்பில் கிடக்கின்றன. கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கும். எனவே பல் நெருக்கமான தெள்ளுப்பூச்சிச் சீப்பால் தினமும் சீவி, சீப்பைச் சோப்பு நீரில் முக்குங்கள். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் மூலை முடுக்கெல்லாம் ஓட்டுங்கள். அந்த அதிர்வில் கூட்டுப்புழுக்கள் விழித்து வெளியே வரும், மறுமுறை ஓட்டும்போது அவையும் அகப்படும். ஒரு துளி மருந்தில்லாமல் செய்யக்கூடியது இவ்வளவு இருக்கிறது. இதற்கும் அடங்கவில்லை என்றால், பூனையின் எடை பார்த்து மருத்துவர் எழுதித் தரும் சொட்டு மருந்தே பாதுகாப்பு. நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தைப் பூனைக்குப் பாதியாக விடலாமா என்று முன்பு இன்னொருவர் கேட்டிருந்தார். கூடவே கூடாது. அவற்றில் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். சாமந்தியின் உறவான ஒரு வெள்ளைப் பூவில் இயற்கையாக உள்ள பைரித்ரினைப் பார்த்துச் செய்த பொருள் அது. நாய் தாங்கும், பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போகலாம்.

இந்த ஸ்ப்ரே தயாரித்தவர்களின் தொலைபேசி எண் லேபிளில் இருந்ததால் நானே அழைத்துப் பேசினேன். எண்ணெய் எத்தனை சதவீதம் கலந்திருக்கிறது என்று கேட்டேன். “இயற்கைப் பொருள்தானே, பயப்படாதீர்கள்” என்றார்கள். சதவீதம் கடைசிவரை வரவில்லை. எந்த விலங்குக்கு, எத்தனை கிலோ எடைக்கு, எவ்வளவு என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவர்களிடம் வாங்காதீர்கள். வாங்கிவிட்டிருந்தால் ரசீதோடு திருப்பிக் கொடுங்கள். பூனைக்கு ஆகாத பொருளை ‘ஏற்றது’ என்று எழுதி விற்றதை, மருத்துவரின் குறிப்பையும் லேபிளின் படத்தையும் வைத்து எழுத்தில் புகார் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் நாய்க்கு வேர்க்கடலை வெண்ணெயில் மாத்திரையை வைத்துக் கொடுப்போம். இப்போது ‘சர்க்கரை இல்லாதது, பிர்ச் மரத்து இனிப்பு மட்டும்’ என்று ஒன்று வாங்கியிருக்கிறோம். அதையே கொடுக்கலாமா?

பதில்: அந்த டப்பாவை நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பிர்ச் மர இனிப்பு என்பது சைலிட்டால். நமக்கு அது இப்படி நஞ்சாவதில்லை. நாய்க்கோ அது உடம்பில் இன்சுலினைச் சடாரென்று சுரக்க வைத்து, அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும். நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே இது நடக்கலாம்; 0.5 கிராமுக்கு மேல் போனால் கல்லீரலே செயலிழக்கலாம். 10 கிலோ நாய்க்கு 1 கிராம் என்பது எவ்வளவு சிறிய அளவு என்று நினைத்துப் பாருங்கள். சூயிங் கம், பற்பசை, வாய் கொப்பளிக்கும் நீர், மெல்லும் வைட்டமின் மாத்திரை எல்லாவற்றிலும் சைலிட்டால் இருக்கக்கூடும். நம் பற்பசையால் நாய்க்குப் பல் தேய்க்காதீர்கள். தெரியாமல் தின்றுவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

கேள்வி: எனக்கு 62 வயது. மூட்டு வலிக்காக மஞ்சள் மாத்திரை வாங்கலாம் என்றிருக்கிறேன். ‘மிளகுச் சாறு சேர்த்தது’ என்பது விலை கூடுதல். அது நல்லதா? ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறேன்.

பதில்: கடைசி வரியை நீங்கள் எழுதியதற்கு நன்றி. அதை விட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். வார்ஃபரின் எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் இதை வாங்கக் கூடாது. ரத்தக் கசிவு அபாயம் கூடலாம். சமையலில் சேரும் மஞ்சள் வேறு, மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற பொருளைச் செறிவூட்டிய மாத்திரை வேறு. குர்குமின் தானாகக் குடலில் எளிதில் உறிஞ்சப்படாது. மிளகிலுள்ள பைப்பரின் அந்த உறிஞ்சலை 20 மடங்கு கூட்டுவதாக 1998இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியது. அதை வைத்துத்தான் விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் பைப்பரின் மற்ற மருந்துகளை உடம்பு கையாளும் வேகத்தையும் மாற்றக்கூடியது. இத்தகைய மாத்திரை எடுத்தவர்கள் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

மூலிகை மாத்திரை எதுவானாலும் இதே கதைதான். மனச்சோர்வுக்கு விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். நீங்கள் எடுக்கும் எல்லா மருந்தின் பட்டியலோடு இந்த டப்பாவின் லேபிளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சரி என்றால், ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று தெளிவாக எழுதியதாகவும், யு.எஸ்.பி. அல்லது என்.எஸ்.எஃப். போன்ற வெளி அமைப்பு சோதித்த முத்திரை உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள். அந்த முத்திரை, லேபிளில் சொன்னது உள்ளே இருக்கிறது, மாசு கட்டுக்குள் இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. வலி தீரும் என்பதற்குச் சான்று ஆகாது.

கேள்வி: அப்படியானால் இயற்கை வைத்தியம் எதையுமே நம்பக் கூடாதா?

பதில்: நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஒரு வயதைக் கடந்த குழந்தையின் இருமலுக்குப் படுக்கும்முன் ஒரு கரண்டி தேன் உண்மையிலேயே இதம் தரும். அதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. ஒரு வயதுக்குக் கீழே தேனே கூடாது, பாட்டுலிசம் என்ற கொடிய நோயின் விதைகள் அதில் இருக்கக்கூடும். மூக்கடைப்புக்கு உப்பு நீரால் மூக்கைக் கழுவுவதும் நல்லது. ஆனால் குழாய் நீரை அப்படியே ஊற்றாதீர்கள். அரிதாக அதில் மூளையைத் தாக்கும் அமீபா இருக்கலாம். கொதிக்க வைத்து ஆறிய நீரையே எடுங்கள்.

கேள்வி: நாயின் காதில் ஆப்பிள் வினிகர் விடலாமா?

பதில்: வேண்டாம். காதைச் சொறியும் நாய்க்கு உள்ளே புண் இருக்கலாம், வினிகர் எரியும். செவிப்பறை கிழிந்திருந்தால் உள்காதும் கெடும். மருத்துவர் முதலில் காதுக்குள் பார்க்கட்டும்.

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய லாவெண்டர் எண்ணெய் குளியலறை ஜன்னலோரம் பாதி இருக்கிறது. வாசனை இன்னும் போகவில்லை. எனக்கு நானே தடவிக்கொள்ளலாமா?

பதில்: தூக்கிப் போடுங்கள். காற்றும் வெளிச்சமும் பட்டால் அதிலுள்ள லினலூல் என்ற வாசனைப் பொருள் ஆக்சிஜனேற்றம் அடைந்து, தோலில் ஒவ்வாமை கிளப்பும் பொருளாக மாறிவிடும். வாசனையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த முறை அடர்நிறக் கண்ணாடிச் சீசாவில் சிறிய அளவாக வாங்கி, திறந்த தேதியை எழுதி ஒட்டி, மூடியை இறுக்கிக் குளிர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள்.