விண்வெளியை வைத்து, பல பொருள்களைச் சேர்த்துச் செய்யும் மிக்ஸ்டு மீடியா ஓவியம் செய்கிறேன். எவ்வளவு அடுக்கினாலும் தட்டையாகவே தெரிகிறதே, ஏன்?

பெரும்பாலும் வரிசைதான் கோளாறு. வண்ணத்தை எல்லாம் அடித்து முடித்துவிட்டு, கடைசியில் மேலே எதையாவது ஒட்டினால் அது ஒட்டியதாகத்தான் தெரியும். முதலில் மேடு பள்ளம், அப்புறம் நிறம்.

அப்போலோ 12-இல் போய் 1969-இல் நிலவில் நடந்த ஆலன் பீன், 1981-இல் நாசாவை விட்டு விலகி முழுநேர ஓவியரானார். பலகையில் தடிமனாகப் பூசிய பூச்சில், நிலவில் தான் பயன்படுத்திய சுத்தியலால் தட்டித் தழும்பு உண்டாக்குவார். நிலவுக் காலணியின் அடித்தடத்தையும் பதிப்பார். பிறகுதான் வண்ணம். தன் விண்வெளி உடையில் இருந்த, நிலவுத் தூசி படிந்த பேட்ச்சுகளின் துணுக்குகளைக்கூடச் சேர்த்தார். மிக்ஸ்டு மீடியாவில் இதற்கு மேல் என்ன இருக்கிறது!

நமக்குச் சலித்த மணல் கலந்த மாடலிங் பேஸ்ட் (மேடு எழுப்ப உதவும் கெட்டிப் பூச்சு) போதும். நெபுலாவுக்கு, அதாவது விண்வெளியின் வாயு-தூசி மேகத்துக்கு, டிஷ்யூ பேப்பரைக் கசக்கி ஜெல் மீடியத்தில் (பசைபோல ஒட்டும் அக்ரிலிக் கூழ்) ஒட்டுங்கள். சுருக்கங்களை நீவிவிடாதீர்கள், அவைதான் வேண்டும். நன்றாகக் காய்ந்ததும் முழுக்கக் கறுப்பு ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு). அதன்மேல், துணியில் துடைத்த பிரஷ்ஷில் மிச்சமிருக்கும் அக்ரிலிக்கை மேலாக இழுத்தால் நிறம் மேடுகளில் மட்டும் பிடிக்கும். பள்ளம் இருட்டாகவே நிற்கும். ஆழம் அங்கிருந்துதான் வருகிறது. ஆயில் பேஸ்டல் தொடுவதானால் கடைசியில். எண்ணெய்ப் பசைமேல் அக்ரிலிக் நிற்காது, உரிந்து வரும்.

நிறத்துக்குப் பயப்படவே வேண்டாம். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 1995-இல் எடுத்த 'படைப்பின் தூண்கள்' என்ற நெபுலா படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று மனிதர்கள் ஒதுக்கிய நிறங்கள்தான் இருக்கின்றன. அவர்களுக்கு இருந்த உரிமை உங்களுக்கும் உண்டு. எல்லோரும் போடும் அந்த ஊதா-பிங்க் கலவை எனக்குச் சலித்துவிட்டது. துருச் சிவப்பும் சாம்பலும் போட்டுப் பாருங்கள்.

நட்சத்திரத்துக்கு, நீர்த்த வெள்ளை மையில் தோய்த்த பழைய டூத் பிரஷ்ஷை விரலால் நெருடித் தெறிக்க வைக்கலாம். சில இடங்களைக் காகிதத்தால் மூடிக்கொள்ளுங்கள். சீராகப் பரவினால் சுண்ணாம்பு தெறித்த சுவர் மாதிரி ஆகிவிடும். பெரிய நட்சத்திரங்களுக்குக் கதிர் வரைவதாக இருந்தால் ஒன்று: அந்தக் கதிர்கள் தொலைநோக்கியின் அமைப்பால் வருபவை. ஹப்பிள் படங்களில் நான்கு. ஜேம்ஸ் வெப் படங்களில் பெரிதாக ஆறு, சின்னதாக இரண்டு. ஒரே ஓவியத்தில் இரண்டையும் கலந்தால், வானியல் பைத்தியம் யாராவது எந்தத் தொலைநோக்கி என்று கேட்டு மடக்குவார்கள்.