பெயர் அச்சாகாத தலையங்கங்கள்

கேள்வி: விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில், நன்றாக எழுதத் தெரிந்த ஒரு பெண் நாளிதழில் இடம்பெற உண்மையில் எது உதவியது, திறமையா, சிபாரிசா?

பதில்: இரண்டும் தேவைப்பட்டன, ஆனால் சிபாரிசு இல்லாமல் திறமையைக் காட்டவே வாய்ப்புக் கிடைக்கவில்லை என்பதுதான் வருத்தத்துக்குரிய உண்மை. ஆண்கள் இத்தொழிலைப் பழகிய நாடாளுமன்ற நிருபர் மாடத்திலும் கிளப்புகளிலும் பெண்களுக்கு இடமில்லை. ஆகவே அவர்களுக்கு எஞ்சியவை பெரும்பாலும் வீட்டிலிருந்தே எழுதக்கூடிய தலையங்கமும் நூல் மதிப்புரையும்தான். நாளிதழ்க் கட்டுரைகளில் பெயர் போடும் வழக்கம் அன்று அரிதாக இருந்ததால், எழுதியவர் பெண் என்பது வாசகர்களுக்குத் தெரியவில்லை. ஆசிரியர் ஒருவர் மனம் வைத்தாலே போதுமானதாக இருந்தது.

1848இல் எலிசா லின் 'மார்னிங் கிரானிக்கிள்' இதழில் மாதச் சம்பளத்துக்கு அமர்ந்தது அதன் ஆசிரியர் ஜான் டக்ளஸ் குக்கின் துணிவால்தான். ஹாரியட் மார்ட்டினோ இளமையிலேயே செவித்திறன் இழந்தவர். லண்டனிலிருந்து வெகுதொலைவில் உள்ள ஆம்பிள்சைடில் வாழ்ந்தபடி, 1852 முதல் 1866 வரை 'டெய்லி நியூஸ்' இதழுக்கு 1,600க்கும் மேற்பட்ட தலையங்கங்களை அஞ்சலில் அனுப்பினார். 1868இல் தொடங்கிய 'எக்கோ' என்ற மாலை இதழிலோ, பிரான்சிஸ் பவர் காப் வாரத்தில் மூன்று நாள் காலையில் அலுவலகத்துக்கே சென்று, தமக்கென ஒதுக்கப்பட்ட அறையில் அமர்ந்து அன்றைய தலையங்கத்தை எழுதிக் கொடுத்தார். அந்தத் தனி அறையை நான் பெரிதாக மதிக்கிறேன். வீட்டு மேசையிலிருந்து பத்திரிகை அலுவலகத்துக்குள் ஒரு பெண் எடுத்து வைத்த அடி அது.

சிபாரிசின் வலிமைக்கு ஃப்ளோரா ஷாவின் வாழ்க்கையே சான்று. நாவலாசிரியர் ஜார்ஜ் மெரிடித் அவரை 'பால் மால் கெசட்' ஆசிரியர் டபிள்யூ. டி. ஸ்டெட்டுக்கு அறிமுகம் செய்துவைத்தார். அதன்பின் ஜிப்ரால்டருக்குப் போனவர், அங்கே ஆங்கிலேயர் காவலில் இருந்த சூடான் நாட்டு அடிமை வணிகர் சுபைர் பாஷாவைப் பலமுறை சந்தித்துப் பேசி எழுதினார். அறிமுகம் கதவைத் திறந்தது, உள்ளே நிலைநிறுத்தியது அவர் உழைப்பு. 1893இல் அவர் 'டைம்ஸ்' நாளிதழின் குடியேற்ற நாட்டுப் பிரிவுக்கு ஆசிரியரானார்.

கேள்வி: சம்பாதித்த பணம் அப்பெண்களுக்கே சொந்தமாக இருந்ததா?

பதில்: மணமாகாத பெண்ணுக்கும் கைம்பெண்ணுக்கும் சொந்தம், மணமான பெண்ணின் ஊதியமோ 1870ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம் வரும்வரை கணவனுடையதாகவே கருதப்பட்டது. எழுதியதற்குப் பெயரும் இல்லை, கூலிக்கு உரிமையும் இல்லை என்ற அந்த இரட்டை இழப்பை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. சம ஊதியம் என்பது ஓர் ஆசிரியரின் நேர்மையைப் பொறுத்ததாக இருந்தது: ஸ்டெட் தம் இதழில் ஹுல்டா ஃபிரீடரிக்ஸை ஆண்களுக்குரிய அதே நிபந்தனைகளுடன் அமர்த்தினார். பெண் பத்திரிகையாளர்களுக்கென்று தனிச் சங்கம் 1894இல்தான் லண்டனில் உருவாயிற்று.